ஸ்டியரிங்கை மாற்றலாமா? நட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா? இருக்கிறது என்றால் வெளியில் விற்கிற ஸ்டியரிங் எதுவும் அந்த வண்டிக்கு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுவேன். இல்லை என்றால் உட்கார்ந்து பேசலாம்.

கோயம்புத்தூரில் காந்திபுரம் பக்கம் சீட் கவர், ஸ்டியரிங் லெதர் தையல் செய்கிற கடை வைத்திருக்கிறேன். மச்சான் மெக்கானிக். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் நடக்கும் நாட்களில் அங்கே வேலைக்குப் போய் வருவார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்க்கிற வேலை இது. ரேஸ் ஊர் என்பதால் இங்கே பையன்களுக்குச் சின்ன ஸ்டியரிங் மேல் ஆசை அதிகம். "அண்ணா, வீடியோவுல பார்த்தனுங்ணா, நம்ம வண்டிக்கும் அதே மாதிரி போட்டுக் குடுங்ணா" என்று போனை நீட்டுவார்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. கை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒரே பாகம் அதுதான். அது நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் வண்டியை மதிக்கிறவர். ஆனால் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 52ஆம் பிரிவு. ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்தப் பிரிவை இறுக்கிப் பிடித்தது. மாநில விதிகளைக் காட்டிக்கூட, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற அனுமதி வாங்க முடியாது என்று சொன்னது. சி.என்.ஜி. மாதிரி எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது.

இங்கே சிலர் ஒரு வாதம் வைப்பார்கள். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கலர், சீட் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது, ஸ்டியரிங் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அப்புறம் எப்படித் தப்பாகும் என்று. ஆர்.சி.யில் இல்லை என்பது சரிதான். 52ஆம் பிரிவில் ஸ்டியரிங் சக்கரம் என்று பெயர் சொல்லித் தடுக்கிற வார்த்தையும் கிடையாது. ஆனால் விஷயம் அத்தோடு நிற்கவில்லை. 2019 திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு வந்தது. அதன் நான்காம் உட்பிரிவு, அனுமதிக்கப்படாத பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இது கடைக்காரருக்கு இல்லை, வண்டிக்காரருக்கு. பில் போட்டுக் கொடுத்தது யாராக இருந்தாலும், இந்த உட்பிரிவுக்கு வண்டியின் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியமானது, அந்த மாடல் விற்பனைக்கு வருமுன் வாங்கிய ஒப்புதல். ஏ.ஐ.எஸ். 096 என்று ஒரு தரநிலை. நேருக்கு நேர் மோதும்போது ஸ்டியரிங் அமைப்பு ஓட்டுநரை எவ்வளவு காயப்படுத்தும் என்று சோதிப்பது அதன் வேலை. சக்கரத்தில் மனித மார்பு மாதிரியான ஒரு கட்டை மோதினால் எவ்வளவு விசை திரும்பி வருகிறது, மோதலில், சக்கரம் மாட்டியிருக்கிற ஸ்டியரிங் ராடு எவ்வளவு தூரம் பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது என்று அளந்துதான் சான்றிதழ் தருகிறார்கள். அந்தச் சோதனை நடந்தது கம்பெனி சக்கரத்தை வைத்து. நீங்கள் வேறு சக்கரம் மாட்டிய நிமிடமே அந்தச் சான்றிதழுக்கும் உங்கள் வண்டிக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மார்பெலும்பை மட்டும் நினைத்தாலும் இது போதும்.

ஏர்பேக் உள்ள வண்டி

2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான கார் என்றால் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன்னாலும் பல வண்டிகளில், விலை கூடிய மேல் வேரியன்ட்களில் வந்திருக்கிறது. ஸ்டியரிங் நடு மூடியில் எஸ்.ஆர்.எஸ். அல்லது ஏர்பேக் என்று அச்சிட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணையும்.

அந்த மூடிக்குள் மடித்து வைத்த துணிப்பையும் அதை நிரப்ப ஒரு வெடிமருந்துக் குப்பியும் இருக்கின்றன. மோதல் நடந்து பை முழுசாக விரிய ஆகிற நேரம் ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுதான். நாம் கண் இமைப்பதே அதைவிட மெதுவாக. அந்த வேகத்தில் விரிகிற பையும், அதே விநாடியில் உடம்பை இழுத்துப் பிடிக்கிற சீட் பெல்ட்டும் ஒன்றுக்காக ஒன்று கணக்குப் போட்டுச் செய்தவை. சக்கரத்தை மாற்றினால் பை போய்விடும். போவது அது மட்டுமும் இல்லை. ஏர்பேக் அமைப்பில் ஓர் இடத்தில் பழுது என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டால், பல வண்டிகளில் பக்கத்து சீட் ஏர்பேக்கையும் பெல்ட்டை இறுக்குகிற கருவியையும் சேர்த்தே நிறுத்திவிடும். முன் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போகும்போது அவருடைய பாதுகாப்பையும் நீங்கள் கழற்றி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விளக்கு எரியாமல் இருக்க ஏர்பேக் வயரில் சின்ன ரெசிஸ்டர் மாட்டி ஏமாற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அந்த வேலைக்குப் போகாதீர்கள். நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிற இன்னொரு குடும்பம், ஏர்பேக் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே பெங்களூர் ஹைவேயில் போகும்.

"ரேஸ் காரில் மட்டும் எப்படி மாற்றுகிறார்கள்?" என்று கேட்பார்கள். செட்டிபாளையத்தில் ஓடுகிற ரேஸ் காரில் ஏர்பேக் கிடையாது, சக்கரத்தைச் சட்டென்று கழற்றுகிற குவிக் ரிலீஸ் இருக்கும். ஆனால் ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட், தோளிலும் இடுப்பிலும் பல முனை பெல்ட், சுற்றிலும் இரும்புக் கூண்டு. ஏர்பேக் செய்யும் வேலையை அங்கே இத்தனையும் சேர்ந்து செய்கின்றன. ஹெல்மெட், பெல்ட், கூண்டு ஒன்றுமே இல்லாமல் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டுக்கு வருவது சரியாகாது.

அப்படியென்றால் ஏர்பேக் வண்டியில் என்னதான் செய்யலாம்? நிறையச் செய்யலாம். வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது புதுச் சக்கரம் இல்லை. பிடி தடிமனாக இருக்க வேண்டும், வியர்வையில் வழுக்கக் கூடாது, பழைய பிளாஸ்டிக்கின் பிசுபிசுப்பு போக வேண்டும், பாட்டுச் சத்தத்தைக் கூட்டக் குறைக்க விரல் பக்கத்திலேயே பட்டன் வேண்டும். இவ்வளவுக்கும் சக்கரத்தை மாற்றாமலே வழி இருக்கிறது.

பட்டன் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, அதே மாடல், அதே வருடத் தலைமுறையின் மேல் வேரியன்ட் ஸ்டியரிங். கம்பெனியே அந்த வண்டிக்குச் செய்தது, ஏர்பேக் அதே ஏர்பேக், ஒப்புதல் வாங்கிய அதே குடும்பத்துப் பாகம். ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். அங்கேயே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஸ்டியரிங்கின் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கும். ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் போகிற வயர், சக்கரம் சுற்றும்போது அறுந்துபோகாமல் சுருண்டு விரிகிற நாடா அதற்குள் இருக்கிறது. கீழ் வேரியன்ட்டில் அந்த நாடாவில் பட்டன்களுக்கான இணைப்பு இருக்காது என்பதால் அதையும் மாற்ற வேண்டி வரலாம். இரண்டாவது, டேஷ்போர்டுக்குள் அதற்கான வயர் ஏற்கெனவே ஓடுகிறதா என்பது. பாட்டு பட்டன் பெரும்பாலும் சுலபமாக வேலை செய்துவிடும். வண்டியின் வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கிற குரூஸ் கண்ட்ரோல் அப்படி இல்லை, சில வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரிலும் திறந்துவிட வேண்டும், சில வண்டிகளில் முடியவே முடியாது.

இந்த வேலையை ஏர்பேக் தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். முன் டயர்கள் நேராக இருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில வண்டிகளின் புத்தகத்தில் ஒன்றரை நிமிடம் என்று இருக்கும், சிலவற்றில் அதைவிட அதிகம். என் மச்சான் எந்த வண்டியானாலும் டீ குடித்துவிட்டு வந்துதான் கை வைப்பார். பேட்டரியைக் கழற்றினாலும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், அது வடிய வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்க்கிற மாதிரிதான் வைக்க வேண்டும், கவிழ்த்து வைக்கக் கூடாது. மல்டிமீட்டரை அதன் வயரில் வைத்துப் பார்க்கிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். கிளாக் ஸ்பிரிங்கைச் சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது விளையாட்டாகச் சுற்றிவிட்டால் அதன் நடுநிலை தவறிவிடும், அப்புறம் முதல் தடவை ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உள்ளே நாடா அறுந்து ஹார்னும் ஏர்பேக்கும் சேர்ந்து போகும். வண்டி வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி. இருந்தால், ஸ்டியரிங் கோணத்தைப் படிக்கிற சென்சாரை ஸ்கேனர் போட்டு மறுபடி நேர் செய்துகொள்ள வேண்டும்.

பழைய கடையில் ஏர்பேக்கோடு ஸ்டியரிங் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய பாகங்கள் கிடைக்கும். கதவுக் கண்ணாடி வாங்குங்கள், பம்பர் வாங்குங்கள். ஏர்பேக் வேண்டாம். அது எந்த வெள்ளத்தில் நனைந்தது, எத்தனை வெயிலில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் குப்பிகள் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டதற்கு முக்கியக் காரணமே சூட்டிலும் ஈரப்பதத்திலும் உள்ளே இருந்த மருந்து கெட்டுப்போனதுதான். குப்பி சிதறி இரும்புத் துண்டு ஓட்டுநர் மேல் பாய்ந்தது. திரும்பப் பெறப்பட்ட வண்டிகளில் இந்தியாவில் விற்றவையும் உண்டு.

கவரும் தையலும்

இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ரோட்டோரத்தில் தொங்குகிற ரெடிமேட் கவரில் பத்துக்கு எட்டு அளவு சேராமல்தான் மாட்டப்படுகிறது என்பது என் கணிப்பு. முதலில் டேப் எடுத்து ஸ்டியரிங்கின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலும் 36 முதல் 38 சென்டிமீட்டருக்குள் வரும். கவர் வாங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மாட்டியதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சக்கரத்தை அசைக்காமல் கவரை மட்டும் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சமாவது நழுவினால் அதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்தக் கவர் சுற்றிக்கொண்டால் உங்கள் கை திரும்பியிருக்கும், டயர் திரும்பியிருக்காது.

கைத்தையல் லெதரில் அந்தப் பயம் இல்லை. நான் செய்கிற முறை இது. முதலில் சக்கரத்தைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துப் பல வருட எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பேன். பளபளவென்று தேய்ந்துபோன இடங்களை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுவேன். பேப்பரை அதன் மேல் சுற்றி வெட்டு எடுத்து, லெதரைச் சுற்றளவைவிட நூல் அளவு குறைவாக வெட்ட வேண்டும். இழுத்துத் தைத்தால்தான் பிடிக்கும். மெழுகு பூசிய நைலான் நூல், உள்பக்கமாக ஓடுகிற தையல். தையல் விளிம்பின் உட்புறம் வர வேண்டும், உள்ளங்கை உட்காரும் இடத்தில் வந்தால் நீண்ட பயணத்தில் அறுக்கும். கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடங்களில் துளையிட்ட லெதர் போடுகிறேன். நம் சித்திரை வெயிலில் வியர்வை அங்கேதான் சேரும், கையும் அங்கேதான் இருக்க வேண்டும். ஏர்பேக் வண்டியில் பன்னிரண்டு மணி இடத்தில் கை வைத்து ஓட்டினால், விரிகிற பை அந்தக் கையைத் தூக்கி முகத்திலேயே அடிக்கும்.

தடிமன் வேண்டும் என்றால் லெதருக்கு அடியில் மெல்லிய ஃபோம் கொடுக்கலாம். அதிகமாகக் கொடுக்காதீர்கள். கட்டை விரலும் நடு விரலும் சுற்றி வந்து தொட வேண்டும், தொடவில்லை என்றால் பிடி தளர்ந்துவிடும். வீட்டில் மனைவியும் அதே வண்டியை ஓட்டுகிறார் என்றால் அவரையும் கடைக்கு அழைத்து வாருங்கள், அவர் கையையும் பார்த்துத்தான் நான் தடிமனை முடிவு செய்வேன்.

எந்தத் தையல் போட்டாலும் நடு மூடியைத் தொடக் கூடாது. ஏர்பேக் கிழித்துக்கொண்டு வர வேண்டிய கோடு அதன் பின்பக்கம் இருக்கிறது. மேலே லெதர் ஒட்டுவது, கல் பதித்த ஸ்டிக்கர், உலோகத்தில் செய்த சாமி படம், கட்சிச் சின்னம் எதுவும் அங்கே வேண்டாம். அமெரிக்காவில் இப்படிக் கல் பதித்த ஸ்டிக்கர் ஒன்று ஏர்பேக் விரியும்போது பறந்து ஓட்டுநர் ஒருவரின் ஒரு கண் பார்வையைப் பறித்திருக்கிறது, அங்கே சாலைப் பாதுகாப்புத் துறை அதைச் சொல்லி எச்சரித்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வையுங்கள், மறுநாள் துடைத்துவிடலாம். பிள்ளையாரை ஸ்டியரிங் நடுவிலிருந்து எடுத்து டேஷ்போர்டுக்கு மாற்றும்போதும் கவனம். இடது பக்க டேஷ்போர்டு மூடிக்குள் இன்னொரு ஏர்பேக் இருக்கும். பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், நடுவில் வையுங்கள்.

ஏர்பேக் இல்லாத பழைய வண்டி

மாருதி 800, பழைய ஜென், அம்பாசடர், பிரீமியர் பத்மினி. இவற்றைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் கோவையில் நிறையப் பேர். பழைய ஸ்டியரிங் வெடித்து, விளிம்பு பிளந்து, கம்பெனி பாகமும் கிடைக்காமல் வருவார்கள். இங்கேதான் வெளி ஸ்டியரிங்குக்கு நியாயமான காரணம் இருக்கிறது. இருந்தாலும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அதே மாடலின் பழைய ஒரிஜினல் தேடுங்கள், ஏர்பேக் இல்லாததால் பழையது வாங்குவதில் பயம் இல்லை. கிடைக்கவில்லை என்றால் உடைந்ததைச் சரி செய்து லெதர் சுற்றலாம், உள்ளே இரும்பு எலும்பு நன்றாக இருந்தால் மட்டும். அதுவும் முடியாதபோதுதான் புதுச் சக்கரம்.

அளவைப் பற்றி யோசியுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் 38 சென்டிமீட்டர் சக்கரத்தை எடுத்துவிட்டு 32 போட்டால், நெம்புகோல் சின்னதாகி, அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய பலம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். காலி ரோட்டில் தெரியாது. ஒப்பணக்கார வீதியில் தீபாவளி நேரத்தில் வண்டியை நிறுத்த ஒடித்து ஒடித்து எடுக்கும்போது தோள்பட்டை சொல்லும். 35க்குக் கீழே போகாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். சின்னச் சக்கரத்தின் மேல் விளிம்பு ஸ்பீடாமீட்டரை மறைக்கும் என்பதையும் உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். அடிப்பக்கம் தட்டையான சக்கரம் இப்போது கம்பெனி வண்டிகளிலேயே வருகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பூட்டுக்குப் பூட்டு, அதாவது ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசி வரை, நான்கு சுற்றுக்குப் பக்கம் சுற்ற வேண்டிய பழைய வண்டியில், விட்டுவிட்டுப் பிடிக்கும்போது கை தட்டையில் போய் ஏமாறும்.

வெளிச் சக்கரம் நேராக ராடில் உட்காராது. நடுவில் பாஸ் கிட் என்கிற ஹப் வேண்டும். ஒரு முனையில் உங்கள் வண்டி ராடின் பல், மறுமுனையில் ஆறு போல்ட். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. ஆகிய பிராண்டுகளின் சக்கரங்களில் இந்த ஆறு துளைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், நார்டி சக்கரத்தில் 74. இரண்டையும் கலந்து, துளையை ராவி அகலமாக்கி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு போல்ட்டில்தான் உங்கள் உயிர் நிற்கிறது. ராடு பல் பொருந்தவில்லை என்று வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட் கிடைக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடுங்கள். மோமோ என்று எழுதி மலிவாக வருகிற நகல்களில் ஆரக்கால் வெறும் வார்ப்பாக இருக்கும், மோதலில் வளையாமல் உடையும். ஒரிஜினல் சக்கரத்தின் பின்புறம் ஜெர்மன் ஒப்புதலின் கே.பி.ஏ. எண் இருப்பதைப் பார்க்கலாம். அது சக்கரத்தின் தரத்துக்குச் சாட்சி. நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் அது அனுமதிச் சீட்டு ஆகாது.

கழற்றும் முறை. சமமான இடத்தில் வண்டியை நேராக ஓட்டி வந்து நிறுத்துங்கள். பேட்டரி முனையைக் கழற்றுங்கள், ஹார்ன் நடுவில் கத்தாமல் இருக்கும். ஹார்ன் மூடியை எடுத்து வயரை விடுவியுங்கள். ராடு நுனியிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தி, முழுசாக எடுக்காமல் நாலைந்து புரி விட்டு வையுங்கள். சக்கரம் திடீரென்று விடுபட்டால் உங்கள் முகத்துக்கு வராமல் நட்டு தாங்கும். பிறகு புல்லர் போட்டு இழுங்கள். சுத்தியலால் பின்னாலிருந்து தட்டாதீர்கள். மோதலில் மடங்கும்படி செய்த ராடு பல வண்டிகளில் இருக்கிறது, தட்டினால் அது உள்ளேயே குலைந்துவிடும், பேரிங்கும் கெடும்.

மாட்டும்போது கிட்டின் பின்னால் இருக்கிற சின்ன நீட்டங்கள் இன்டிகேட்டரைத் தானாக அணைக்கிற இடத்தில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி முடித்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், பின்னால் வருகிறவர் குழம்புவார். நட்டைப் புதிதாகப் போடுங்கள். கம்பெனி புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், "கை இறுக்கம் போதும்" என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். பிறகு ஆறு போல்ட்டையும் எதிரெதிராக இறுக்க வேண்டும்.

பாஸ் கிட் போட்டதும் சக்கரம் உங்கள் பக்கம் நகர்ந்து வந்திருக்கும். சீட்டைப் பின்னால் தள்ளி, மார்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் தாராளமாக இருக்கும்படி உட்காருங்கள். அப்போதும் கிளட்ச் முழுசாக மிதிபட வேண்டும். கால் எட்டவில்லை என்றால் அந்தக் கிட் உங்களுக்கு நீளம், குட்டையானது பாருங்கள். ரோட்டுக்குப் போகும் முன் காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் பூட்டு வரை ஒடித்துப் பாருங்கள், ஹார்ன் எல்லாக் கோணத்திலும் அடிக்கிறதா என்று பாருங்கள். நேராக ஓடும்போது சக்கரம் கோணலாக நின்றால் கோட்டைப் பார்த்து ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். கழற்றும்போதே கோணல் இருந்திருந்தால் மட்டும் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். சில நாள் ஓடிய பிறகு நட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98ஆம் விதி ஸ்டியரிங்கின் பிளே, சக்கரத்தில் அளந்தால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. டயர் அசையாமல் சக்கரம் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஆட்டம் அதிகம் என்றால் கோளாறு கீழே இருக்கிறது, மேலே எவ்வளவு அழகான சக்கரம் போட்டும் பிரயோஜனம் இல்லை. அந்தக் காசை முதலில் ராடு எண்டுக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்கும் செலவழியுங்கள்.

பழைய சக்கரத்தைத் தூக்கிப் போடாமல் துணி சுற்றிப் பரணில் வையுங்கள். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி.க்கு இன்னும் அடிக்கடி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒரிஜினலை மாட்டித்தான் ஆக வேண்டும். டாக்ஸி ஓட்டுகிற தம்பிகளிடம் வெளிச் சக்கரமே வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போட்டு, இன்ன பாகம் மாற்றுகிறேன் என்று சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொன்னது விபத்துக்குப் பிறகு கணக்கில் வராது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது

சாவியை ஆன் செய்து மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் அது இன்னும் கெட்ட செய்தி, யாரோ விளக்கை மறைத்திருக்கலாம். இன்ஜின் விளக்கோ ஆயில் விளக்கோ அணைகிற அதே கணத்தில் ஏர்பேக் விளக்கும் அணைந்தால், இரண்டின் வயரையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நடு மூடியின் நிறமும் சொரசொரப்பும் டேஷ்போர்டோடு சேர்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்.

கைப்பிடிக் குமிழ்

லாரிக்காரர்கள் ஒரு காலத்தில் ஸ்டியரிங் விளிம்பில் மாட்டி வைத்திருந்த உருண்டைக் குமிழைக் காரில் ஸ்டைலுக்காகக் கேட்டு வருபவர்களுக்கு நான் மாட்டுவதில்லை. சட்டைக் கை அதில் சிக்கும், மோதலில் விலா எலும்பில் குத்தும்.

ஆனால் ஒரு கையால் ஓட்ட வேண்டியவர்களுக்கு அதே குமிழ்தான் சுதந்திரம். போலியோவில் ஒரு கை பலம் இழந்தவர்கள், விபத்தில் கையை இழந்தவர்கள், காலுக்குப் பதில் கையால் பிரேக் பிடிக்கிறவர்கள் என்று பலர் வந்திருக்கிறார்கள். இவர்களுக்குச் சட்டம் நேரடியாக வழி விட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றிக்கொண்டு அதன் பிறகு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கலாம் என்று 2019 திருத்தம் 52ஆம் பிரிவிலேயே சேர்த்தது. மாற்றிய வண்டியை அவருக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் காலம் கடத்தாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளுங்கள். லைசென்சும் அந்த வகை வண்டிக்கென்று இருக்க வேண்டும். மாற்றுத்திறன் சான்றிதழின் நகலை வண்டியிலேயே வையுங்கள்.

குமிழைப் பொருத்தும் இடத்தை நான் முடிவு செய்வதில்லை. அவரையே சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, குமிழைத் தளர்வாக மாட்டி, இரண்டு பக்கமும் பூட்டு வரை ஒடிக்கச் சொல்வேன். முழங்கை கதவில் இடிக்கக் கூடாது, வயிற்றில் முட்டக் கூடாது, தோள் சீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. அந்த இடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. கிடைத்ததும் அங்கே வெறும் விளிம்பில், கவர் எதுவும் இல்லாமல், உலோகக் கவ்வி போட்டு இறுக்க வேண்டும். ஆரக்காலிலோ நடு மூடி ஓரத்திலோ போடக் கூடாது, ஏர்பேக்கின் வழி திறந்திருக்க வேண்டும். குமிழை மட்டும் பட்டன் அழுத்திக் கழற்றுகிற வகை கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். அவரைக் கூட்டிப் போக வீட்டில் வேறொருவர் ஓட்டும் நாளில் குமிழைக் கழற்றிக் கதவுப் பையில் போட்டுவிடலாம்.